சிறையில் இருக்கும் வழக்கறிஞருக்காக என்ன செய்யலாம்? கேள்வி பதில்

கைதான மனித உரிமை வழக்கறிஞர்களின் விடுதலைக்காகப் பல வருடங்களாக வேலை செய்து வருகிறேன். நீங்கள் கேட்டவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்துப் போய்விட்டார்கள். முதலில் என்ன செய்வது?

அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். வீட்டாரும் வழக்கை நடத்துகிற வக்கீலும் சரி என்று சொல்லாமல் ஒரு போஸ்டர்கூட ஒட்ட வேண்டாம். அப்புறம் ஒரே ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்: முழுப்பெயர், கைதான தேதி, போட்டிருக்கும் பிரிவுகள், எந்தச் சிறை, அடுத்த வாய்தா. எல்லோரும் அந்தத் தாளைப் பார்த்தே எழுத வேண்டும், ஏனென்றால் ஒரு தேதி தப்பினாலும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் பொய் என்பார்கள்.

படங்களில் கவனம். ஆரம்ப காலத்தில் ஒரு குடும்பப் படத்தை அப்படியே வெளியிட்டோம். மகள் சீருடையில் இருந்தாள், சட்டைப் பையில் பள்ளிச் சின்னம் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வாரம் இரண்டு பேர் பள்ளி வாசலில் நின்று அவளைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். அவள் அம்மா திட்டவில்லை, படத்தை எடுத்துவிடச் சொன்னார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கேள்வி: தீவிரவாத வழக்குகளில் ஆஜரானவருக்காக நாம் ஏன் பேச வேண்டும்?

ஆஜராவதுதான் அவர் தொழில். 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட, வழக்கறிஞர்களின் பங்கு பற்றிய ஐ.நா. கோட்பாடுகளில் 18ஆவது இதைத்தான் சொல்கிறது: கட்சிக்காரரையும் அவருடைய நோக்கங்களையும் வழக்கறிஞரோடு சேர்த்து அடையாளப்படுத்தக் கூடாது. எகிப்தில் வழக்கறிஞர் முகமது எல்-பாக்கர் 2019 செப்டம்பரில் தன் கட்சிக்காரரின் விசாரணைக்குத் துணையாகப் போனார், அங்கேயே அவரையும் கைது செய்தார்கள். 2023 ஜூலையில்தான் மன்னிப்பு கிடைத்து வெளியே வந்தார். இலங்கையில் வழக்கறிஞர் ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவை 2020 ஏப்ரல் 14 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். 1979இல் வந்த அந்தச் சட்டம் அப்போது குற்றப்பத்திரிகையே இல்லாமல் 18 மாதம் வரை அடைத்து வைக்க இடம் கொடுத்தது. அவருக்குப் பிணை கிடைத்தது 2022 பிப்ரவரியில். வக்கீலையே உள்ளே போட்டால் அடுத்த ஏழைக்காக ஆஜராக யார் துணிவார்?

கேள்வி: ஆன்லைன் மனுவில் கையெழுத்துப் போட்டால் போதுமா?

போதாது. போடுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஐ.நா.வுக்கு நாமே எழுதலாமா?

எழுதலாம். தன்னிச்சையான தடுத்துவைப்புக்கான பணிக்குழு 1991இல் அமைந்தது, அதில் ஐந்து நிபுணர்கள். உள்நாட்டு நீதிமன்றங்களின் படிகளையெல்லாம் ஏறி முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை. அவர்கள் கருத்தை அமல்படுத்தப் போலீஸ் கிடையாது, ஆனால் வக்கீலின் கையில் அது நல்ல ஆவணம். இதற்கும் குடும்பத்தின் சம்மதம் வேண்டும்.

கேள்வி: சத்தம் போட்டால் அரசுக்குப் பிடிவாதம்தான் கூடும். ஆள் வைத்து அமைதியாகப் பேசுவதே பலன் தரும்.

சில வழக்குகளில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் சீனாவில் 2015இல் வழக்கறிஞர்களை வாரிப் பிடித்தபோது வாங் சுவான்சாங்கும் மாட்டினார். ஏறக்குறைய நான்கு வருடம் குடும்பத்தார் அவரைப் பார்க்கவே முடியவில்லை. மனைவி லி வென்சூ 2018 டிசம்பரில் மற்றப் பெண்களோடு சேர்ந்து மொட்டையடித்துக்கொண்டார். சீன மொழியில் 'முடி இல்லை', 'சட்டம் இல்லை' இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். அந்தச் சத்தமும் இல்லையென்றால் அவர் பெயர் நமக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: அப்படியும் வாங் தண்டனை முடிந்துதானே வந்தார்? இதில் என்ன சாதித்தீர்கள்?

ஆமாம். நாலரை வருடம் என்று தீர்ப்பாகி, 2020 ஏப்ரலில் வந்தார். பிரசாரம் கதவைத் திறந்தது என்று நான் சொல்லவே இல்லை. இந்தியாவில் வழக்கறிஞர் சுதா பரத்வாஜ் 2021 டிசம்பரில் வந்தது டிஃபால்ட் பெயிலில், அதாவது சட்டம் குறித்த காலத்துக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கிடைக்கும் ஜாமீனில். காவலை நீட்டித்த நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்ற சட்டப் பிழையைப் பிடித்தது வக்கீல்கள். நம் வேலை அந்த வக்கீல் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வது, உள்ளே இருப்பவரை யாரோ கவனிக்கிறார்கள் என்று சிறை அதிகாரிக்குத் தெரிய வைப்பது.

கேள்வி: சத்தமா, அமைதியா என்று கடைசியில் யார்தான் முடிவு செய்வது?

குடும்பம், முடிந்தால் உள்ளே இருப்பவரே. ஒரு மனைவி எங்களிடம் "இந்த மாதம் ஒன்றும் எழுதாதீர்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். அச்சடித்த போஸ்டர்கள் கட்டுக் கட்டாக அறை மூலையில் கிடந்தன. எங்களில் பாதிப்பேருக்குக் கோபம், இருந்தாலும் காத்திருந்தோம். மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். அப்புறம் அந்த மனைவியே போன் செய்து "இப்போது ஒட்டுங்கள்" என்றார்.

கேள்வி: ஆன்லைன் மனு எந்தத் தளத்தில் தொடங்கலாம்?

மனு பற்றி மேலே சொல்லிவிட்டேன். தளம் எதுவானாலும் குடும்பத்தைக் கேட்டீர்களா?

கேள்வி: என் மாமா மேல் நில வழக்கு, ஜாமீன் கிடைக்குமா?

உள்ளூர் வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் மாவட்ட இலவச சட்ட உதவி மையம்.

கேள்வி: விடுதலை என்பதைத் தவிர வேறு என்ன கோரிக்கை வைக்க முடியும்?

நல்ல கேள்வி. ஈரானில் வழக்கறிஞர் நஸ்ரின் சொதூதே 2012இல் சிறைக்குள் 49 நாள் உண்ணாவிரதம் இருந்தார். மகள் மேல் போட்ட பயணத் தடையை எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. தடை விலக்கப்பட்ட பிறகுதான் நிறுத்தினார். அதனால் டாக்டர், கண்ணாடி, வாரம் ஒரு போன் என்று கொடுக்கக்கூடியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடி வேண்டுமென்றால் பவர் என்ன என்று மருந்துச்சீட்டைப் பார்த்துக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.