ஐம்பது வயதைக் கடந்தவர்கள் அக்கித் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா? பக்கவிளைவும் செலவும் எப்படி இருக்கும்?

உங்களுக்கு 52 வயதாகிறது என்றும், மருத்துவர் எழுதிக்கொடுத்த ஷிங்ரிக்ஸ் என்னும் அக்கித் தடுப்பூசியின் விலையைக் கேட்டு மலைத்துவிட்டதாகவும், காய்ச்சல் வருமாமே என்று தயங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மாதச் சம்பளக்காரர், விடுப்புக்கு யோசிப்பவர் என்று நானாக ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். கும்பகோணத்தில் வசிக்கும், 63 வயதான ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியன். உங்கள் மருத்துவருக்கு மறுப்பு இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். ஆனால் எந்த நாளில் போட்டுக்கொள்வது என்பதைப் பஞ்சாங்கம் பார்ப்பது போலப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான் ஏன் அவ்வளவு பணம் கொடுத்து இந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன் என்பதற்கு என் தாயாரின் கதையைச் சொல்ல வேண்டும். அவருக்கு 74 வயதில் இடப்பக்க விலாவில் அக்கி வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி, மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்கு அழைத்துச் சென்று காவிமண்ணால் சிங்கம் வரைந்து அக்கி எழுதினோம். அதை இழிவாகச் சொல்கிறேன் என்று யாரும் கருத வேண்டாம். மண்ணின் குளிர்ச்சி அம்மாவுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் எழுத்து முடியட்டும் என்று நாங்கள் காத்திருந்த நாட்களில், கிருமியை அடக்கும் மாத்திரையைத் தொடங்க வேண்டிய முதல் 72 மணி நேரம் கடந்துவிட்டது. கொப்புளங்கள் ஒரு மாதத்தில் உதிர்ந்தன. வலி மட்டும் பதினான்கு மாதங்கள் போகவில்லை. சேலைத் தலைப்பு பட்டால் துடிப்பார், மின்விசிறிக் காற்று பட்டாலும் துடிப்பார். சிறு வயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமிதான் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையில் எதிர்ப்பாற்றல் குறையும்போது அக்கியாக எழுகிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். எனக்கும் ஏழு வயதில் அம்மை வார்த்திருக்கிறது.

ஆகவே இந்த ஊசி இந்தியாவுக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், 2024 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை முதல் தவணையைப் போட்டுக்கொண்டேன். ஞாயிறு காலை என் தங்கை மகளுக்குத் திருமணம். ஊசிதானே, போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். போட்டவரும் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை பிற்பகலில் மண்டபத்து வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்த எனக்கு நடுக்கம் எடுத்தது. இரவு 101 டிகிரி காய்ச்சல், அடித்துப் போட்டாற்போன்ற உடல்வலி. மறுநாள் முகூர்த்தத்தில், தாய்மாமன் என்ற முறையில் மணமகளுக்கு மாலை போட எழுந்தபோது, ஊசி போட்ட இடக்கை தோளுக்கு மேல் எழவே இல்லை. என் தம்பி கையைத் தாங்கிப் பிடிக்க, ஒருவழியாக மாலை விழுந்தது. நிழற்படத்தில் நான் கண்களை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, மாமா பாசத்தில் உருகிவிட்டார் என்று உறவினர்கள் இன்றும் சொல்கிறார்கள். திங்கட்கிழமை மாலைக்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் அன்று. அன்றாட வேலையைச் செய்ய முடியாத அளவுக்கு ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இப்படி ஆகும் என்றும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் தணிந்துவிடும் என்றும் பிறகு படித்தேன். இதில் உயிருள்ள கிருமி இல்லை. கிருமியின் ஒரு புரதமும், எதிர்ப்பாற்றலை உசுப்பிவிடும் துணைப்பொருளும்தான் இருக்கின்றன. அந்தத் துணைப்பொருளின் ஒரு கூறு சிலி நாட்டு மரமொன்றின் பட்டையிலிருந்து எடுக்கப்படுகிறது. இந்த உசுப்பல்தான் நடுக்கமாக வெளிப்படுகிறது. இதை முன்பே ஒரு வரியில் சொல்லியிருந்தால் நான் திருமணம் முடிந்து போட்டுக்கொண்டிருப்பேன் என்பதே என் வருத்தம்.

செலவைப் பற்றிச் சொல்வதானால், நான் ஒரு தவணைக்கு 11,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். இரண்டு தவணை வேண்டும். அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரியது. இது அதில் இல்லை. என் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் என்று பதில் வந்தது. நோய் வந்து படுத்தால் கொடுப்பார்களாம், வராமல் தடுத்தால் கொடுக்க மாட்டார்களாம். ஆண்டுதோறும் தவணை தவறாமல் பிரீமியம் கட்டிய எனக்கு அந்தக் கடிதத்தை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

பணத்தைவிட என்னை அலைக்கழித்தது இரண்டாம் தவணைதான். அதை இரண்டு முதல் ஆறு மாதங்களுக்குள் போட வேண்டும். ஐப்பசியில் கேட்டபோது மருந்துக்கடையில் இருப்பு இல்லை. முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்ததில் ஏழாவது மாதம்தான் வந்தது. காலம் கடந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்குங்கள் என்று கடைக்காரர் சொன்னதும் எனக்குத் தலை சுற்றியது. மருத்துவர்தான், தாமதமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதல் தவணை வீணாகாது என்று தெளிவுபடுத்தினார். ஆகவே முதல் ஊசியின்போதே இரண்டாவதற்குச் சொல்லி வையுங்கள். ஊசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும், உறைந்தும் போகக்கூடாது; ஆகவே மருந்தை வாங்கிக்கொண்டு வேறிடத்தில் போடுவதானால் பனிக்கட்டிப் பெட்டியில் கொடுக்கச் சொல்லுங்கள்.

மருந்து நிறுவனத்திடம் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன் என்று ஒருவராவது சொல்லுவார். அப்படியானால் என் 22,000 ரூபாயை முதலில் திருப்பித் தரட்டும். அரிதான ஆபத்து அறவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை; 65 வயதைக் கடந்தவர்களில் பத்து லட்சம் தவணைக்கு மூன்று பேர் என்ற அளவில் கில்லன் பாரே என்னும், நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைத் தளரச் செய்யும் நோய் கூடுதலாக வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் எச்சரித்திருக்கிறது. ஆய்வில் 50 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு தவணையில் ஏறத்தாழ 97 விழுக்காடு பாதுகாப்பு கிடைத்தது. இரண்டையும் அருகருகே வைத்து, அம்மாவின் விலாவையும் நினைத்துப் பார்த்த பிறகே நான் முடிவெடுத்தேன்.

இரண்டாம் தவணையில் எனக்கு ஒரு நாள் தலைவலி மட்டுமே வந்தது. என் மனைவிக்குச் சென்ற ஆண்டு வைகாசியில் முதல் தவணை போட்டோம். கைவலியைத் தவிர ஒன்றுமில்லை, மறுநாள் காலை வழக்கம்போல மாவரைத்தார். ஆனாலும் அவருடைய இரண்டாம் தவணையை ஆடி மாதத்துக்கு வைத்துக்கொண்டோம். ஆடியில் எங்கள் உறவில் யாரும் திருமணம் வைக்க மாட்டார்கள்.