அண்ணாச்சி கடைப் பற்றும் சிபில் ஸ்கோரும்

கேள்வி: பாளையங்கோட்டையில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். வயது 20, ஊர் கல்லிடைக்குறிச்சி. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்து மதிப்பெண் போடும் சிபில் நிறுவனத்தில் பார்த்தால் எனக்கு ஸ்கோரே இல்லை. வேலை கிடைத்ததும் பைக் லோன் எடுக்க ஆசை. ஆப்பில் 5,000 ரூபாய் கடன் வாங்கிக் கட்டினால் ஸ்கோர் வந்துவிடும் என்கிறான் ஹாஸ்டல் நண்பன். செய்யலாமா, சார்?

பதில்: வேண்டாம், தம்பி.

ஸ்கோர் இல்லை என்றால் ஸ்கோர் மோசம் என்று அர்த்தமில்லை. ஊரில் அண்ணாச்சி கடைப் பற்று நோட்டைப் பார்த்திருப்பீர்கள். புதிதாகக் குடிவந்தவருக்கு அதில் பக்கமே இருக்காது. ஆளை அண்ணாச்சிக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான். 300 முதல் 900 வரை போகும் சிபில் ஸ்கோரும் அப்படி ஒரு நோட்டைப் பார்த்துப் போடுவதுதான். உங்கள் பெயருக்கு இன்னும் பக்கம் திறக்கவில்லை. அம்மாவின் நகைக்கடனுக்கு நீங்களே போய் வட்டி கட்டினாலும் அது அம்மா பக்கத்தில்தான் ஏறும்.

ரிசர்வ் வங்கியில் பதிவில்லாதவர்கள் நடத்தும் ஆப்பில் வாங்கினால், ஒழுங்காகக் கட்டியதுகூட அந்த நோட்டுக்குப் போய்ச் சேராது. ஒரு நாள் தவறினால் மட்டும் உங்கள் போனில் உள்ள அத்தனை பேருக்கும் போன் போகும். பதிவுள்ள நிறுவனம் என்றாலும், நாலைந்து இடத்தில் விண்ணப்பித்துப் பார்க்காதீர்கள். கடனுக்கு அலைகிற ஆள் என்று அதுவும் பதிவாகும்.

உங்கள் சேமிப்புக் கணக்கு உள்ள வங்கியில், எஃப்.டி.யை (நிரந்தர வைப்புத்தொகை) பிணையாக வைத்துக்கொண்டு கிரெடிட் கார்டு தருவார்களா என்று கேளுங்கள். பல வங்கிகளில் உண்டு, சம்பளச் சான்று கேட்க மாட்டார்கள். எஃப்.டி.க்கு வட்டி அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். லிமிட் 10,000 ரூபாய் என்றால் மாதம் 3,000 தாண்ட வேண்டாம். போன் ரீசார்ஜ், பரீட்சைக் கட்டணம், இதெல்லாம் போதும். ஜங்ஷனில் நண்பர்களுக்கு பிரியாணி வாங்கித் தருவதற்கல்ல அந்த கார்டு! பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று போட்டிருக்கும். அதை மட்டும் கட்டினால் மீதிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேலேயே வட்டி விழலாம். முழுத் தொகையும் தானாகக் கழியும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். ஸ்கோர் தெரிய எப்படியும் ஆறு மாதமாவது ஆகும்.

அப்புறம், அந்த நண்பன் தன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். அவன் கட்டாமல் விட்டால் உங்கள் பக்கத்திலும் கறை விழும்.

வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகவே வாங்கலாம். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. நீங்கள் வாங்காத கடன் ஏதாவது அதில் இருந்தால் சிபில் தளத்திலேயே புகார் போடுங்கள். பைக் ஷோரூமுக்குப் போன பிறகு அதைக் கண்டுபிடித்தால் ரொம்ப அலைச்சல்.