ராத்திரி ஃப்ளாட்டில் கிடார் வாசிக்க எந்த ஆம்ப் மாடலர், எந்த ஸ்பீக்கர்?

நீங்கள் கேட்டிருப்பது இது: வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட், ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் எலெக்ட்ரிக் கிடாரைத் தொட முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் வாசிக்க வேண்டும், கையில் ஐம்பதாயிரம் ரூபாய். எந்த மாடலர் (நிஜ கிடார் ஆம்புகளின் சத்தத்தை டிஜிட்டலாக உண்டாக்குகிற பெட்டி) வாங்கலாம், வீட்டில் இருக்கிற ஹோம் தியேட்டரிலேயே செருகிக்கொள்ளலாமா, இல்லை தனியாக பவர்டு ஸ்பீக்கர் (உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிற ஸ்பீக்கர்) வேண்டுமா?

முதலில் ஸ்பீக்கரை முடிவு செய்யுங்கள், மாடலர் அப்புறம். ஐம்பதாயிரத்தில் பாதியாவது ஸ்பீக்கருக்குப் போகட்டும். யூட்யூபில் எல்லாரும் இந்த மாடலரா அந்த மாடலரா என்றுதான் மணிக்கணக்கில் பேசுகிறார்கள், ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வரி சொன்னால் அதிகம். ஆனால் ராத்திரி பத்து மணிக்குச் சின்ன சத்தத்தில் வாசிக்கிறவருக்கு, மாடலரை மாற்றினால் கேட்கிற வித்தியாசத்தைவிட ஸ்பீக்கரை மாற்றினால் கேட்கிற வித்தியாசம் பல மடங்கு.

காரணம் சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கிடார் ஆம்புக்குள் இருக்கிற 12 அங்குல ஸ்பீக்கர் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் மாதிரி கிடையாது. 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டினாலே அது பெரும்பாலும் கையை விரித்துவிடும், கீச்சுச் சத்தங்களுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரே அதில் இல்லை. டிஸ்டார்ஷன் உண்டாக்குகிற கரகரப்பில் மேலே இருக்கிறதையெல்லாம் அந்தக் காகிதக் கூம்புதான் வடிகட்டி, நாம் 'கிடார் சவுண்ட்' என்று பழகியிருக்கிற சத்தமாக்கிக் கொடுக்கிறது. பவர்டு ஸ்பீக்கரோ 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் எல்லாவற்றையும் அப்படியே துப்பும். அதனால்தான் கேபினட் சிமுலேஷன் (கிடார் ஸ்பீக்கர் பெட்டியின் அந்த வடிகட்டலை டிஜிட்டலாகச் செய்வது) இல்லாமல் ஒரு டிஸ்டார்ஷன் பெடலை நேராக மானிட்டரில், அதாவது பவர்டு ஸ்பீக்கரில், செருகினால் குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கிறது. மாடலருக்குள் ஆம்ப் பிளாக்குக்குப் பின்னால் வருகிற கேப் அல்லது ஐஆர் பிளாக் செய்கிற வேலை இதுதான். ஐஆர் என்பது ஒரு குறிப்பிட்ட கேபினட்டை ஒரு குறிப்பிட்ட மைக் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து கேட்டதன் பதிவு. சின்ன வேவ் ஃபைல்தான், இலவசமாகவே நிறையக் கிடைக்கும். பவர்டு ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், சர்ச் மிக்ஸர் எதில் செருகினாலும் கேப் ஆனில் இருக்க வேண்டும், கிடார் ஆம்பின் முன்னால் செருகும்போது மட்டும் ஆஃப். 'மாடலர் வாங்கினேன், சத்தம் சகிக்கவில்லை' என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஒரு சுவிட்ச்தான் பிரச்சினையாக இருந்தது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. ஆம்பைத் தரையில் வைத்து நின்றுகொண்டு வாசிக்கும்போது அது உங்கள் கணுக்காலைப் பார்த்துக் கத்துகிறது, காதுக்கு வந்து சேரும்போது கூர்மை மழுங்கியிருக்கும். மானிட்டர் நேராகக் காதைப் பார்க்கிறது. மைக்கைக் கேபினட்டுக்கு முன்னால் ஒட்டிவைத்து எடுத்த சத்தத்தைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், 'ஆம்ப் மாதிரி இல்லையே' என்ற ஏமாற்றம் வராது. கேப் பிளாக்கிலேயே 'லோ கட்' (அதற்குக் கீழே இருக்கிறதை வெட்டுவது) 80 முதல் 100 ஹெர்ட்ஸிலும், 'ஹை கட்' (அதற்கு மேலே இருக்கிறதை வெட்டுவது) 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸிலும் வைத்துப் பாருங்கள். நான் எந்த மாடலரைத் தொட்டாலும் முதலில் செய்வது இதைத்தான், மற்ற குமிழெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஹோம் தியேட்டர் வேண்டாம். ஒரு நாள் இரண்டு நாள் சமாளிக்கலாம், பயிற்சிக்கு உதவாது. நம் வீடுகளில் இருக்கிற 2.1 செட்டில் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் இரண்டு, கீழே ஒரு சப்வூஃபர். கிடாரின் ஆறாவது ஸ்ட்ரிங் திறந்து வாசித்தால் 82 ஹெர்ட்ஸ், ஐந்தாவது 110, நான்காவது 147. ஆக, தடித்த ஸ்ட்ரிங்குகள் எல்லாம் தரையிலிருக்கிற சப்வூஃபரில் பொம்மென்று ஒலிக்கும், மெல்லியவை மேலே கீச்சென்று கேட்கும், கிடாருக்கு உயிரான நடுப்பகுதி இரண்டுக்கும் இடையில் காணாமல் போகும். ப்ளூடூத் ஸ்பீக்கர் என்றால் கேட்கவே வேண்டாம், சாதாரணமாக 100 மில்லி விநாடிக்கு மேல் தாமதம். ஸ்ட்ரிங்கைத் தட்டிய பிறகு சத்தம் வந்தால் தாளம் பழகவே முடியாது.

எந்த ஸ்பீக்கர்? ஸ்டூடியோ மானிட்டர் என்று விற்கிற பவர்டு ஸ்பீக்கர், ஜோடியாக. 5 அங்குல வூஃபர் போதும். யமஹா எச்எஸ்5, ஜேபிஎல் 305பி மார்க் 2, கேஆர்கே ராக்கிட் 5 எல்லாம் இந்த அளவுதான். கிடாரின் அடிமட்டமே 82 ஹெர்ட்ஸ் என்கிறபோது 8 அங்குல மானிட்டர் சின்ன பெட்ரூமில் பாஸைக் கூட்டி அறையைக் குழப்புமே தவிர வேறு லாபம் இல்லை. பணம் இடிக்கிறது என்றால் ப்ரீசோனஸ் ஈரிஸ் 3.5 மாதிரி மூன்றரை அங்குலத்துக்கு இறங்கலாம். மேஜைமேல் வைத்து ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து கேட்க அது நியாயமாகவே இருக்கும், உள்ளங்கையால் ஸ்ட்ரிங்கை அமுக்கி வாசிக்கிற பாம் மியூட்டின் அந்த 'தம்' மட்டும் நெஞ்சில் தட்டாது. எஃப்ஆர்எஃப்ஆர் (எல்லா அலைவரிசையையும் கூட்டாமல் குறைக்காமல் கொடுக்கிற ஸ்பீக்கர்) என்று மேடைக்காக விற்கிற பெரிய பெட்டிகளை இப்போது நினைக்க வேண்டாம். அவை சத்தமாக வைக்கும்போது அழகு. நள்ளிரவில், அமைதியான அறையில், அவற்றில் பலவற்றின் 'உஸ்'ஸென்ற இரைச்சல்தான் முதலில் கேட்கும்.

வைக்கிற இடம் மிக முக்கியம். நம் ஃப்ளாட் அறைகள் கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, கார்ப்பெட் கிடையாது. கையைத் தட்டினால் 'டிர்ர்' என்று எதிரொலிக்கும். மானிட்டரை மூலையில் தள்ளாமல், ட்வீட்டர் காது உயரத்தில் வரும்படி, இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக இருக்கும்படி வையுங்கள். எச்எஸ்5-க்குப் பின்பக்கம் துளை இருக்கிறது, சுவரோடு ஒட்டினால் பாஸ் வீங்கும். வேறு வழியில்லை, சுவர் பக்கத்தில்தான் இடம் என்றால் பின்னாலேயே ரூம் கண்ட்ரோல் சுவிட்ச் இருக்கிறது, 2 அல்லது 4 டெசிபல் குறைத்துக்கொள்ளலாம். ஜேபிஎல்லிலும் இதே வேலைக்கு ஒரு சுவிட்ச் உண்டு. எதிர்ச் சுவரில் திரைச்சீலை, கட்டிலில் மெத்தை இருந்தாலே பாதி எதிரொலி அடங்கும். அப்புறம் ஸ்டீல் பீரோ. என் அறையில் ஆறாவது ஸ்ட்ரிங்கில் ஜி பக்கம் வாசித்தால் பீரோவின் கதவு கிடுகிடுவென்று கூடவே பாடும், அது ஸ்பீக்கர் கிழிந்த சத்தம் மாதிரியே இருக்கும். கதவு இடுக்கில் ஒரு துண்டுத் துணியை மடித்துச் செருகியதும் நின்றுவிட்டது. புது மானிட்டரில் ஏதோ அதிர்கிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் பீரோ, ஜன்னல் கொசுவலைச் சட்டம், சுவரில் மாட்டிய போட்டோ எல்லாவற்றையும் ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள்.

சத்த அளவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் ராத்திரியும் இருக்கிறது சர்ச்சும் இருக்கிறது. சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பாஸும் ட்ரெபிளும் குறைவாகவும், மிட் தூக்கலாகவும் கேட்கும். 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது. ராத்திரி சின்ன சத்தத்தில் உட்கார்ந்து 'ஆகா' என்று செதுக்கிய பிரீசெட்டை (மாடலரில் சேமித்து வைத்த சத்த அமைப்பை) ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஸ்பீக்கரில் போட்டால், நீங்கள் காதுக்குப் போதவில்லை என்று ஏற்றிய பாஸும் ட்ரெபிளும் அங்கே பூதமாகக் கிளம்பும், மிட் இல்லாததால் கீபோர்டுக்கு அடியில் கிடார் அமுங்கிவிடும். அதனால் வீட்டுக்கு ஒரு பிரீசெட், சர்ச்சுக்கு அதன் நகல் ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். சர்ச்சுக்கானதைச் சனிக்கிழமை மதியம், அக்கம்பக்கம் விழித்திருக்கும்போது, நான்கைந்து நிமிடம் நல்ல சத்தத்தில் வைத்து மட்டும் திருத்துங்கள். அதில் கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) குறைத்து மிட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ரிவெர்ப் அந்த ஹாலிலேயே தாராளமாக இருக்கும்.

சரி, மாடலர். 1998-ல் லைன் 6 சிவப்பு நிறத்தில் பாட் என்ற பெட்டியைக் கொண்டுவந்தபோது பட்ஜெட் மாடலர் என்றாலே பிளாஸ்டிக் சத்தம்தான், அந்தப் பேச்சு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2011-ல் கெம்பர் வந்து நிஜ ஆம்பையே 'ப்ரொஃபைல்' (அதன் சத்தத்தின் டிஜிட்டல் நகல்) எடுக்கலாம் என்று காட்டிய பிறகு நிலைமை மாறிவிட்டது, இன்று அதே வகை வேலையை நியூரல் ஆம்ப் மாடலர் என்கிற இலவச மென்பொருள் செய்கிறது. வேலெட்டன், நக்ஸ், மூவர் கம்பெனிகளின் நடுத்தர மாடல்கள், ஸூமின் சின்னப் பெட்டிகள், டோனெக்ஸ் பெடல், எதுவானாலும் உங்கள் தேவைக்குப் போதும். லைன் 6-இன் எச்எக்ஸ் ஸ்டாம்ப் அருமையான பெட்டி, ஆனால் ஐம்பதாயிரத்துக்குள் அதையும் நல்ல மானிட்டரையும் சேர்த்து வாங்க முடியாது. நீங்கள் சரிபார்க்க வேண்டியது சில விஷயங்கள்தான்: வெளி ஐஆர் ஏற்ற முடியுமா, போன் செருகிப் பாட்டோடு சேர்ந்து வாசிக்க ஆக்ஸ் இன் இருக்கிறதா, ஹெட்ஃபோன் ஜாக், இரண்டு தனி அவுட்புட், யூஎஸ்பி வழியாக ஆடியோ இன்டர்ஃபேஸாக (கிடார் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகிற கருவியாக) வேலை செய்யுமா. ஐந்நூறு பிரீசெட் என்று அட்டையில் போட்டிருப்பதற்கு மதிப்பே இல்லை. நீங்கள் உபயோகிக்கப் போவது நான்கு.

லேப்டாப் ஓரளவு நல்லதாக இருக்கிறதென்றால் மாடலரே வேண்டாம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரி ஒரு இன்டர்ஃபேஸ், இலவச நியூரல் ஆம்ப் மாடலர், மிச்சப் பணம் முழுக்க மானிட்டருக்கும் ஹெட்ஃபோனுக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (கம்ப்யூட்டர் ஒரே தடவையில் எடுத்துச் செயலாக்குகிற சத்தத் துணுக்கின் அளவை) 128 சாம்பிளில் வைத்தால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லி விநாடி, போக வர எல்லாம் சேர்த்துப் பத்துக்குள் இருந்தால் ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கிற அளவு தாமதம்தான், கைக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆபீஸில் நாள் முழுக்க லேப்டாப் பார்த்துவிட்டு வந்து மறுபடி அதைத் திறந்து, டிரைவர் அப்டேட் கேட்டு, காலையில் வந்த மெயில் கண்ணில் பட்டு... கிடார் எடுத்து அரை நிமிடத்தில் சத்தம் வர வேண்டும், அப்போதுதான் தினமும் வாசிப்பீர்கள். தவிர, சர்ச்சுக்குத் தூக்கிப்போக பெட்டிதான் வசதி.

இரைச்சல் வந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் கரண்ட் சமாச்சாரம். முதலில் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். சீராகத் திரும்புகிற எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் விநாடிக்கு 100 முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது, கிடாரில் இருக்கிற சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கிற ஒற்றைச் சுருள் காந்தம்) அதை அப்படியே பிடித்து 'ர்ர்ர்' என்று இரையும். சென்னையில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது என்பதால் ரெகுலேட்டரைக் கெப்பாசிட்டர் வகைக்கு மாற்றிவிடுங்கள், எலெக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிட வேலை. மாடலர், இரண்டு மானிட்டர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் எர்த் சரியாக உள்ள ஒரே பிளக் பாயிண்டில், ஒரே ஸ்பைக் பஸ்டரில். அதற்காக எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து. மாடலரின் அவுட்புட் பேலன்ஸ்டு (வழியில் சேருகிற இரைச்சலைத் தள்ளிவிடுகிற இணைப்பு) என்றால் மானிட்டருக்கு அதற்கேற்ற டிஆர்எஸ் கேபிள் போடுங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேண்டிய நீளத்துக்கே வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு வயர், ஜோடி ஸ்பீக்கர் எல்லாம் வைக்க மேஜையே இல்லை என்றால் யமஹா டிஎச்ஆர், பாசிட்டிவ் கிரிட் ஸ்பார்க் மாதிரி மாடலரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற ஆம்பைப் பார்க்கலாம். பாஸ் கட்டானா 50-இல் பவரை 0.5 வாட்டுக்கு இறக்கும் வசதி இருக்கிறது, ஃப்ளாட்டுக்கு அதுவும் ஒத்துவரும். ஆனால் உங்களுக்குச் சர்ச் இருக்கிறது, மிக்ஸருக்கு நேராகப் போகிற சத்தத்தை வீட்டிலேயே அதே மாதிரி கேட்டுப் பழகுவது பெரிய லாபம், அதனால் மானிட்டர் பக்கமே நிற்கிறேன்.

வாங்கப் போகும்போது உங்கள் கிடாரையே எடுத்துக்கொண்டு போங்கள், மவுண்ட் ரோடு மியூசி மியூசிகலோ வேறு எந்தக் கடையோ. மானிட்டரில் எதுவும் செருகாமல் ஆன் செய்து, வால்யூமைப் பாதியில் வைத்து, ஒரு கை தூரத்தில் காதைக் கொடுத்து இரைச்சலைக் கேளுங்கள். பிறகு மாடலரில் ஒரே ஒரு கிளீன் பிரீசெட், எஃபெக்ட் எல்லாம் ஆஃப், பேச்சுக் குரல் அளவு சத்தத்தில். அந்தச் சத்தத்திலும் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனித்தனியாகக் கேட்டால் அந்த ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வால்யூமை ஏற்றினால் மறுபடி இறக்கச் சொல்லுங்கள், நீங்கள் வாசிக்கப் போவது அந்த அளவில்தான்.