நெருப்புப் பட்ட பைபர் படகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மாரிக்காகக் கரையில் ஏற்றி வைத்திருந்த என் பைபர் போட்டுக்குப் பக்கத்தில் இருந்த வாடி எரிந்துவிட்டது. போட் தீப்பிடிக்கவில்லை. கடையார்ப் பக்கம் (பின்புறம்) ஒரு முழம் அளவுக்குக் கறுத்து, மேலே இருக்கிற பளபளப்பான ஜெல்கோட் பூச்சு கொப்பளித்திருக்கிறது, மற்ற இடமெல்லாம் கழுவியதும் பழையபடி வெள்ளையாகிவிட்டது. கறுத்ததைச் சுரண்டி, மட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு, பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார்கள். நம்பிக் கடலுக்குப் போகலாமா?
– சல்லியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இப்போதைக்குப் போகாதீர்கள். பெயின்டும் அடிக்காதீர்கள், அடித்துவிட்டால் பிறகு யார் வந்து பார்த்தாலும் எதுவும் தெரியாது.

கறுத்த இடம் உங்களுக்கே தெரிகிறது, அதை வெட்டி எடுக்கப் போகிறீர்கள். எனக்குப் பயம் அதைச் சுற்றி வெள்ளையாகத் தெரிகிற பகுதியில்தான். பைபர் என்பது கண்ணாடி இழையும் பொலியெஸ்டர் ரெசினும் சேர்ந்தது. கொங்கிறீட்டில் கம்பியும் சீமெந்தும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடி எரிகிற சூட்டில் கண்ணாடி இழைக்குப் பெரிதாக எதுவும் ஆகாது, அது இளக 800 பாகைக்கு மேல் வேண்டும். ரெசின் அப்படி இல்லை. நம் போட்டுகளுக்குப் போடுகிற சாதாரண ரெசின் 60, 70 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். அந்தச் சூட்டோடு நின்றால் ஆறியதும் திரும்ப இறுகிவிடும், ஆனால் இளகியிருந்த நேரத்தில் போட் எதன்மேல் இருந்ததோ அதற்கேற்ப அமுங்கி, அப்படியே இறுகிவிடும். அதற்கு மேலே, 200 பாகையைத் தாண்டும்போது ரெசினே உள்ளுக்குள் சிதையத் தொடங்குகிறது. கரி பிடித்துக் கறுப்பது அதற்கும் பிறகு. எவ்வளவு சூடு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம், குறைந்த சூடு நெடுநேரம் நின்றாலும் சேதம் வரும்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, அணியத்தில் (முன்புறம்) குந்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஏராவையும் (அடிக்கட்டை) விளிம்பையும் நீளத்துக்குப் பாருங்கள். குற்றி வைத்திருந்த இடத்தில் பள்ளமோ, விளிம்பில் வளைவோ தெரிந்தால் அந்த இடம் வரைக்கும் சூடு போயிருக்கிறது. பிறகு உள்பக்கம் பெயின்ட் அடிக்காத இடங்களுக்கு டோர்ச் அடித்துப் பாருங்கள். நல்ல பைபர் கொஞ்சம் பச்சை கலந்த கண்ணாடி மாதிரி இருக்கும். மஞ்சளோ தேயிலைச் சாய நிறமோ ஏறியிருந்தால் ரெசின் சூடு கண்டிருக்கிறது, பால் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தால் மட் படைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து நடுவில் காற்று நிற்கிறது. கறுப்பில் தொடங்கி வெளியே போகப் போக ஒரு நாணயத்தால் தட்டுங்கள். ‘டிக்’ என்று கணீரென்று கேட்கிற சத்தம் எங்கே ‘டொக்’ என்று மந்தமாகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள்.

நாணயம் சொல்வது படை பிரிந்த இடத்தை மட்டும்தான். படை பிரியாமல், ரெசின் மட்டும் பலம் குறைந்து நிற்கிற இடத்திலும் சத்தம் கணீரென்றுதான் வரும். அதற்கு பார்க்கொல் கடினமானி என்று கையடக்கமான ஒரு கருவி இருக்கிறது: ஊசி முனையை அழுத்தினால் முகப்பில் 0 முதல் 100 வரை எண் காட்டும். ஒழுங்காக இறுகிய பொலியெஸ்டர் பைபரில் 40ஐ ஒட்டி வரும், ஆனால் அந்த எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். உங்கள் போட்டிலேயே நெருப்புக்கு எட்டாத அணியப் பக்கத்தில் பத்துத் தரம் அழுத்திச் சராசரி எடுங்கள், ஊசி ஒரு தரம் இழையிலும் ஒரு தரம் ரெசினிலும் படும் என்பதால் ஒரே அளவீட்டை நம்பக்கூடாது. அதே மாதிரிக் கடையாரில் எடுத்து ஒப்பிடுங்கள். எண் குறைந்தால் சேதம். கூடினால்? நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மிதமான சூடு, முழுதாக இறுகாமல் கிடந்த ரெசினை இன்னும் இறுக்கிவிடும். ஆகவே கூடினாலும் அந்த இடம் சூடு கண்டது என்றுதான் அர்த்தம், நிறத்தையும் தட்டிய சத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இஞ்சின் பூட்டுகிற பலகையை மறக்கவே வேண்டாம். பெரும்பாலான போட்டுகளில் அதற்குள் ஒட்டுப்பலகை இருக்கும். வெளியே பைபர் முழுதாக இருக்க, உள்ளே பலகை கரிந்திருக்கலாம். உள்பக்கமிருந்து சின்னத் துளை ஒன்று போட்டு, வருகிற தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மரத்தின் நிறத்தில் வந்தால் சரி, கபில நிறமாகவோ கருகல் மணத்தோடோ வந்தால் பலகையை மாற்றியே ஆகவேண்டும். இஞ்சினும் அதன் உதைப்பும் முழுக்க அந்தப் பலகையில்தான் நிற்கிறது.

கிரைண்டர் பிடிக்கும்போது கறுப்பு முடிகிற இடத்தில் நிற்காமல், நல்ல ரெசின் வரும் வரைக்கும் போங்கள். இழை பஞ்சு மாதிரி உலர்ந்து பிரிந்து வந்தால் இன்னும் போகவேண்டும். ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும், தடிப்புக்குப் பன்னிரண்டு மடங்கு அகலம்: 6 மில்லிமீற்றர் தடிப்பென்றால் சுற்றிவர 72 மில்லிமீற்றர். அந்தச் சரிவு இல்லாமல் ஒட்டின மட் அலை அடிக்க அடிக்க ஓரத்தில் கிளம்பிவிடும். முகமூடி போடாமல் அந்தத் தூசுக்குள் நிற்காதீர்கள்.

கேள்வி: விமானங்களும் இப்போது இப்படியான பொருளில்தான் செய்கிறார்களாம். அங்கே தீப்பட்டால் நாணயத்தால் தட்டியா பார்ப்பார்கள்?
– நிலாவெளி வளாகத்தில் படிக்கும் மாணவி

பதில்: தட்டியும் பார்ப்பார்கள், அதோடு விடமாட்டார்கள். 2013 ஜூலை 12 அன்று லண்டன் ஹீத்ரோவில் ஆளில்லாமல் நிறுத்தி வைத்திருந்த எதியோப்பியன் எயார்லைன்ஸின் போயிங் 787 ஒன்றில், அவசர இடங்காட்டிக் கருவியின் லித்தியம் பற்றரியில் தொடங்கிய தீ பின்னுடலின் மேற்கூரையைச் சுட்டது. அந்த விமானத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன் இழைக் கூட்டுப்பொருள்தான். பழுது பார்த்து அதே ஆண்டு டிசம்பரில் திரும்பப் பறக்கவிட்டார்கள்.

கார்பன் கறுப்பு என்பதால் நிறம் பார்க்கிற வழி அங்கே பெரிதாக உதவாது. மீயொலி விட்டுப் பார்த்தால் படை பிரிந்த இடம் தெரியும், ஆனால் ரெசின் மட்டும் கெட்ட இடத்தில் ஒலி நல்ல இடத்தைப் போலவே கடந்து போய்விடும். படைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பலம், படை பிரிவதற்கு முன்னமே கணிசமாகக் குறைந்திருக்கும். எங்கள் சல்லி வாசகரின் பிரச்சினையும் இதேதான். அதனால் ரெசினின் வேதியியலையே பார்க்கிறார்கள். கையில் பிடிக்கிற அகச்சிவப்பு நிறமாலைமானி, சூட்டில் ஒட்சியேறியதால் உண்டான புதிய பிணைப்புகளைக் காட்டிக்கொடுக்கும். லேசர் பட்டதும் ரெசின் ஒளிர்கிற விதம் சூடு கண்டபின் மாறுகிறது என்பதை வைத்து, 1990களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் ஒரு முறையை வளர்த்தார்கள். சந்தேகமான இடத்தில் சின்னத் துண்டு வெட்டி, எந்த வெப்பநிலையில் இளகுகிறது என்று சோதிப்பதும் உண்டு. இரசாயனத்தில் விருப்பம் இருந்தால் இந்தத் துறையைப் படியுங்கள், தம்மிடம் ஒரு பைபர் போட் இருக்கிற எல்லோருக்கும் பயன்படுகிற படிப்பு.

கேள்வி: போட்டுக்குக் கடும் நீலம் அடிக்க ஆசை. வெயிலால் பைபருக்குச் சேதம் வருமா?
– மூதூர் வாசகர்

பதில்: மத்தியான வெயிலில் கடும் நிற மேற்பரப்பு 70 பாகையைக்கூடத் தொடலாம், மேலே சொன்ன இளகுகிற எல்லை அதுதான். கரிந்து போகாது, ஆனால் தாங்கல் சரியில்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் வடிவம் கெடும். மேலே வெள்ளையே இருக்கட்டும், நீலத்தை ஒரு பட்டையாக அடியுங்கள். கரையில் ஏற்றியபின் கிடுகு போட்டு மூடுங்கள், கிடுகுக்கும் போட்டுக்கும் நடுவில் காற்றோட இடைவெளி விட்டு.