விஆர்ஆர்பி போட்ட பிறகும் இரண்டு சுவிட்சுகளும் மாஸ்டர் என்று காட்டுகின்றன, அப்லிங்க் போனாலும் மாறுவதில்லை. எங்கே கோளாறு?

உங்கள் கேள்வியில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. விஆர்ஆர்பி என்பது இரண்டு சாதனங்கள் ஒரே கேட்வே (கணினிகள் வெளியே போகும் வாசல்) முகவரியைப் பகிர்ந்து, ஒன்று மாஸ்டராக வேலை பார்க்க, மற்றது பேக்கப்பாகக் காத்திருக்கும் நெறிமுறை. இரண்டு லேயர் 3 சுவிட்சுகள் (ரவுட்டிங்கும் செய்பவை), ஒன்றின் முன்னுரிமை 120, மற்றதன் முன்னுரிமை 100. ஒரு விலானில் (சுவிட்சுக்குள் தனியே பிரித்த நெட்வொர்க்) மட்டும் இரண்டுமே மாஸ்டர் என்கின்றன. மற்ற விலான்களில் நிலை சரியாகத் தெரிந்தாலும், முதல் சுவிட்சின் அப்லிங்க் (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பு) அறுந்தபோது இரண்டாவது பொறுப்பேற்கவில்லை. 120 உள்ள சுவிட்சை 'அ' என்றும் 100 உள்ளதை 'ஆ' என்றும் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் இரட்டை மாஸ்டர். விஆர்ஆர்பி-யில் மாஸ்டர் மட்டும்தான் பேசும். பேக்கப் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும். மாஸ்டரின் அறிவிப்பு வழக்கமாக விநாடிக்கு ஒன்று. மூன்று அறிவிப்புகளுக்கான நேரம் கழிந்து, அதற்கு மேலும் சிறிது காத்திருந்த பிறகே பேக்கப் எழுந்து நிற்கும். அந்தச் சிறு காத்திருப்பு, 256-இலிருந்து தன் முன்னுரிமையைக் கழித்து 256-ஆல் வகுத்தால் வருகிற விநாடி. உங்கள் 'ஆ'வுக்கு அது 0.61. ஆக, ஏறக்குறைய 3.6 விநாடி 'அ'விடமிருந்து எதுவும் வராவிட்டால் 'ஆ' தன்னை மாஸ்டர் என்று அறிவித்துவிடும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. 'ஆ' பேசத் தொடங்கியதும் அது 'அ'வின் காதில் விழுந்தாலும் 'அ' பொருட்படுத்தாது. 100-க்கு 120 ஏன் வழிவிட வேண்டும்? எனவே இரண்டும் மாஸ்டர் என்று காட்டினால் அடைபட்டிருப்பது 'அ'விலிருந்து 'ஆ'வுக்குப் போகும் பாதை. எதிர்த்திசை நன்றாகவே இருக்கலாம். 'அ'வில் உட்கார்ந்து பாக்கெட் பிடித்துப் பார்த்து, எல்லாம் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று குழம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாக்கெட்டை 'ஆ'வில் பிடியுங்கள்.

அதற்கும் முன்னால், 'ஆ'வில் விஆர்ஆர்பி புள்ளிவிவரத்தைக் காட்டும் கட்டளையை ஓடவிடுங்கள். பதிப்பு பொருந்தவில்லை, இடைவெளி பொருந்தவில்லை, டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்ற எண்) தவறு என்று பிழை எண்ணிக்கைகள் பெரும்பாலான சுவிட்சுகளில் தனித்தனியே வரும். அவற்றில் ஏதாவது ஏறிக்கொண்டே போனால் பாக்கெட் வந்து சேர்கிறது, 'ஆ'தான் அதைத் தள்ளிவிடுகிறது. அப்போது அமைப்பை ஒப்பிட வேண்டும்: ஒரு பக்கம் பதிப்பு 2, மறுபக்கம் பதிப்பு 3 என்று இருக்கலாம், பதிப்பு 2-இல் அறிவிப்பு இடைவெளி இரண்டிலும் ஒன்றாக இல்லாவிட்டாலும் பாக்கெட் நிராகரிக்கப்படும். பிழை எண்ணிக்கைகள் அசையாமல் கிடந்தால் பாக்கெட் வந்தே சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். குழு எண்ணை (இரு சுவிட்சிலும் ஒன்றாக இருக்க வேண்டிய விஆர்ஆர்பி அடையாள எண்) மட்டும் இரு பக்கமும் ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு விஆர்ஆர்பி-யை விட்டுவிட்டு லேயர் 2-க்கு (சுவிட்சிங் மட்டத்துக்கு) இறங்குங்கள்.

உங்களுக்கு ஒரே ஒரு விலானில்தான் கோளாறு என்பதால், அந்த விலான் இரு சுவிட்சுகளுக்கும் நடுவே உள்ள ட்ரங்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்பதே என் முதல் சந்தேகம். புதிதாக விலான் உருவாக்கும்போது இன்டர்ஃபேஸில் முகவரி கொடுத்து, விஆர்ஆர்பி-யும் போட்டுவிட்டு, ட்ரங்கின் அனுமதிப் பட்டியலில் சேர்க்க விட்டுப்போவது மிகச் சாதாரணம். இரண்டு முனையிலும் பாருங்கள். அடுத்தது அந்த விலான் இன்டர்ஃபேஸில் பாக்கெட் வடிகட்டி ஏதாவது இருக்கிறதா என்பது. விஆர்ஆர்பி டிசிபியும் அல்ல, யுடிபியும் அல்ல. ஐபி-க்கு மேல் நேரடியாக, 112 என்ற நெறிமுறை எண்ணில், 224.0.0.18 என்ற பலமுனை முகவரிக்குப் போகிறது. டிசிபி, யுடிபி, பிங் மூன்றையும் அனுமதித்துவிட்டு மற்றதையெல்லாம் தடுக்கும் பட்டியல் இதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

இந்த நிலையை நீடிக்க விடாதீர்கள். இரண்டு சுவிட்சும் ஒரே மெய்நிகர் மேக் (வன்பொருள் மட்ட) முகவரியிலிருந்து அனுப்புவதால், இரண்டின் பாதையும் சந்திக்கும் கீழ்நிலை சுவிட்ச் அந்த முகவரியை ஒரு போர்ட்டில் கற்று, அடுத்த நொடி வேறு போர்ட்டில் கற்கும். பதிவில் மேக் தாவல் எச்சரிக்கை குவியும். பயனர்களோ "நெட் விட்டு விட்டு வருகிறது" என்பார்கள். யாரும் கேட்வேயைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

அந்த மெய்நிகர் மேக் முகவரியின் கடைசி பைட்தான் உங்கள் குழு எண். குழு 10 என்றால் பதினாறடிமான எண்ணில் 0ஏ. அதனால் ஒரே விலானில் வேறொரு ஜோடி சாதனங்கள் அதே குழு எண்ணை வைத்திருந்தால் மேக் முகவரியே மோதும். கார்ப் (விஆர்ஆர்பி போன்ற இன்னொரு நெறிமுறை) பயன்படுத்தும் ஃபயர்வால்கள் இதே 112-ஐயும் இதே மேக் வரிசையையும்தான் எடுத்துக்கொள்கின்றன. கீப்அலைவ்டி (விஆர்ஆர்பி இயக்கும் மென்பொருள்) ஓடும் லினக்ஸ் சர்வர்களும் இதே 112-ஐத்தான் எடுத்துக்கொள்கின்றன; மெய்நிகர் மேக் வசதியை நாமாகப் போட்டால் மேக் வரிசையும் இதுவே. எல்லோரும் குழு 1-இல் தொடங்குவதால் மோதலும் அங்கேதான் அதிகம். குழு எண்ணை விலான் எண்ணோடு பொருத்தி வையுங்கள். 255-க்கு மேல் போகாது என்பதால் பெரிய விலான் எண்களுக்கு ஒரு வரிசை வகுத்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, இரண்டாவது பிரச்சினை. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் திரையில் எல்லாமே சரியாகத் தெரியும்போது இது நடக்கிறது. விஆர்ஆர்பி பார்ப்பது தன் விலான் பக்கத்தை மட்டும். மேலே போகும் அப்லிங்க் அறுந்தாலும் 'அ' தொடர்ந்து அறிவிப்பு அனுப்பும், 'ஆ' அதைக் கேட்டுச் சமாதானமாக இருக்கும். எல்லா ட்ராஃபிக்கும் 'அ'வுக்குப் போய், அங்கிருந்து போக வழியில்லாமல் சாகும்.

இதற்குத்தான் ட்ராக்கிங். அப்லிங்க் விழுந்தால் முன்னுரிமையைக் குறை என்று 'அ'வுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சிஸ்கோ சுவிட்சில் நீங்கள் எண் கொடுக்காவிட்டால் 10 குறையும். 120-இல் 10 போனால் 110; அது இன்னமும் 100-ஐ விட அதிகம், அதனால் எதுவும் மாறாது. உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும், அல்லது ட்ராக்கிங்கே போடாமல் இருக்கலாம். 30 கொடுங்கள், 90 ஆகும். இரண்டு அப்லிங்க் இருந்தால் ஒன்று போனால் போதுமா, இரண்டும் போக வேண்டுமா என்று முதலில் முடிவு செய்து, காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள். முடிந்தால் லிங்க் எரிகிறதா என்பதோடு நிறுத்தாமல், வெளிவழித்தடம் ரவுட்டிங் அட்டவணையில் இருக்கிறதா என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு மீடியா கன்வெர்ட்டர் இருந்தாலே, மறுமுனை செத்தும் இந்தப் பக்கம் விளக்கு எரியலாம்.

முன்னுரிமை குறைந்தால் மட்டும் போதாது. 'ஆ'வில் பிரீஎம்ப்ட் (முன்னுரிமை கூடிய சாதனம் மாஸ்டர் பதவியை எடுத்துக்கொள்ளும் வசதி) இயங்கினால்தான் அது குறைந்த எண்ணைக் கண்டு முன்னே வரும். விஆர்ஆர்பி-யில் இது இயல்பாகவே இயங்கும். இதே வேலையைச் செய்யும் சிஸ்கோவின் எச்எஸ்ஆர்பி-யில் நாமாகப் போட வேண்டும். அங்கிருந்து பழகி வந்தவர்கள் எதிர்பார்ப்பது ஒன்றாகவும் நடப்பது ஒன்றாகவும் இருப்பது இதனால்தான்.

அதே பிரீஎம்ப்ட்டுக்குத் தாமதம் கட்டாயம் கொடுங்கள். 'அ' மின்சாரம் போய்த் திரும்ப வருகிறது என்று வையுங்கள். விலான் இன்டர்ஃபேஸ் எழுந்ததும் விஆர்ஆர்பி பேசத் தொடங்கி மாஸ்டர் பதவியைப் பறித்துக்கொள்ளும். ஆனால் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டிங் நெறிமுறை) அண்டைகள் இன்னும் சேர்ந்திருக்காது, வழித்தடங்கள் வந்திருக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த 'ஆ'விடமிருந்து வேலையைப் பிடுங்கிக் குப்பையில் போடுவதுபோல் ஆகிவிடும். பழுதின்போது சில விநாடிகள்தான் நின்றது, சரியாகித் திரும்பியபோது அதைவிட அதிக நேரம் நின்றது என்று ஓர் அலுவலகத்தில் கேட்டபோது காரணம் இதுதான். உங்கள் சுவிட்ச் மறுதொடக்கத்துக்குப் பிறகு ரவுட்டிங் முழுமையாக அமைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து, அதற்கு மேல் தாராளமாகத் தாமதம் கொடுங்கள்.

இதே காரணத்தால்தான் கேட்வே முகவரியை ஒரு சுவிட்சின் சொந்த முகவரியாக வைப்பது எனக்குப் பிடிக்காது. அப்படி வைத்தால் அதன் முன்னுரிமை 255 ஆகும். எழுந்தவுடன் யாரையும் கேட்காமல் மாஸ்டர் ஆகிவிடும். 10.0.10.2, 10.0.10.3 இரண்டையும் சுவிட்சுகளுக்குக் கொடுத்து, 10.0.10.1-ஐ மெய்நிகர் முகவரியாகத் தனியே வையுங்கள்.

ஸ்பேனிங் ட்ரீ (சுவிட்சுகளுக்கிடையே சுழல் வராமல் தடுக்கும் நெறிமுறை) ரூட்டும் மாஸ்டரும் ஒவ்வொரு விலானிலும் ஒரே சுவிட்சாக இருக்கட்டும். வெவ்வேறாக இருந்தால் வேலை செய்யும், ஆனால் ட்ராஃபிக் ஒரு சுவிட்சுக்கு ஏறி, நடு லிங்க்கைக் கடந்து, மற்றதில் வெளியேறும்.

அறிவிப்பு இடைவெளியைக் குறைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பதிப்பு 3-இல் விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை இறங்கலாம். ஆனால் நிறைய விலான்கள் இருக்கும் சுவிட்சில் சிபியு சற்றுத் திணறினாலே மூன்று அறிவிப்புகள் தவறி, பழுதே இல்லாமல் மாஸ்டர் மாறும். ஒரு விநாடியிலேயே விடுங்கள். திட்டமிட்ட பராமரிப்புக்கு வேகம் வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது: சுவிட்சை அணைப்பதற்கு முன் முன்னுரிமையைக் குறைத்துவிடுங்கள், 'ஆ' முறையாகப் பொறுப்பேற்கும். விஆர்ஆர்பி-யை ஒழுங்காக நிறுத்தினால்கூட மாஸ்டர் முன்னுரிமை 0 என்று கடைசி அறிவிப்பு அனுப்பும். அப்போது 'ஆ' அந்த 0.61 விநாடி மட்டும்தான் காத்திருக்கும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2004-இல் வந்த திருத்தத்திலேயே தரநிலையிலிருந்து கடவுச்சொல் சரிபார்ப்பை எடுத்துவிட்டார்கள். டிடிஎல் 255 இருக்க வேண்டும் என்ற விதி வெளி நெட்வொர்க்கிலிருந்து வரும் போலி அறிவிப்பைத் தடுக்கும். அதே விலானில் இருக்கும் கணினியைத் தடுக்காது. அந்தக் கணினி பெரிய முன்னுரிமையோடு அறிவிப்பு அனுப்பினால் கேட்வேயே அதன் கைக்குப் போய்விடும். பயனர் போர்ட்டுகளிலிருந்து உள்ளே வரும் 112-ஐத் தடுத்து வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். ஒரு கணினியிலிருந்து கேட்வேக்கு அல்ல, கேட்வேக்கு அப்பால் உள்ள முகவரிக்கு விடாமல் பிங் ஓடட்டும். மெய்நிகர் முகவரி பிங்குக்குப் பதில் சொல்வது சாதனத்தையும் அமைப்பையும் பொறுத்தது. பதில் வராவிட்டால் பழுது என்றும் வந்தால் எல்லாம் நலம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 'அ'வின் அப்லிங்க்கைப் பிடுங்குங்கள், திரும்பச் செருகுங்கள். நடு ட்ரங்க்கைப் பிடுங்குங்கள். பிறகு 'அ'வை அணைத்து மறுபடி போடுங்கள். ஒவ்வொன்றிலும் போகும்போது எத்தனை பிங் தொலைந்தது, திரும்பும்போது எத்தனை தொலைந்தது என்று தனித்தனியே குறியுங்கள். திரும்பும்போது எண்ணிக்கை அதிகமாக இருந்தால் பிரீஎம்ப்ட் தாமதம் இன்னும் போதவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த விலானில் இரண்டு மாஸ்டர் இருந்தால், 'ஆ'வின் விஆர்ஆர்பி பிழை எண்ணிக்கையையும் ட்ரங்க்கின் இரு முனை விலான் பட்டியலையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.