மலையகக் காமன் கூத்தை "அழிந்துவரும் கலை" என்று ஆவணப்படம் எடுக்கலாமா?

கேட்டிருப்பவர் கொழும்பில் ஊடகக் கல்வி பயில்கிறார். மலையகத் தோட்டமொன்றின் முதிய கூத்து வாத்தியாரை மையமாக வைத்து, அவருடைய வாழ்க்கைப் போராட்டம், மலையகத் தமிழர் என்ற அடையாளம், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும், அழிந்துவரும் காமன் கூத்து ஆகிய மூன்றையும் அரை மணி நேரத்தில் சொல்ல விரும்புகிறார். எதைக் கவனிக்க வேண்டும் என்பது கேள்வி.

தாராளமாக எடுங்கள். ஆனால் கடைசிக் காட்சியைக் கொழும்பிலேயே எழுதி எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

நான் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். வெளியிலிருந்து வரும் படக்குழுக்களுக்கு வழிகாட்டவும் பேச்சுத் துணைக்கும் போவதுண்டு. வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே பட்டியல்தான் இருக்கும். தேயிலை மலைக்கு மேலே ட்ரோன், பனிமூட்டம், தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில், சுருங்கிய கை, பின்னணியில் புல்லாங்குழல். அந்தப் புல்லாங்குழல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தோட்டத்தில் காதில் விழுவது தப்பு என்னும் தோற்பறையின் ஒலி.

இது புதிய வழக்கமும் அல்ல. பிரிட்டிஷ் இயக்குநர் பேசில் ரைட் இயக்கி 1934இல் வெளிவந்த "சோங் ஒவ் சிலோன்" படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. சிவனொளிபாத மலை யாத்திரையும் கண்டிய நடனமும் அதில் உண்டு. அழகான படம், மறுக்கமாட்டேன். ஆனால் விவரணைக்கு எடுத்துக்கொண்டது கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் எழுதி 1681இல் வெளியான நூல். குரல் இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டுடையது. தேயிலைப் பணத்தில் எடுத்த படத்தில், கொழுந்து எடுத்தவர் தன் வாயால் தன் கதையைச் சொல்லவில்லை. உங்கள் படத்தில் வாத்தியார் பேசுவார் என்பது நல்லது. அவரை என்ன பேசவைக்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

மாசி அமாவாசை கழிந்து கூத்து ஆடும் திடலான காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். ரதி, மன்மதன் வேடங்கள் இரண்டையும் ஆண்களே கட்டுவார்கள். இறுதி இரவில் விடிய விடிய ஆட்டம். தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், எமன் வருவான். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிவான். ரதி ஒப்பாரி வைப்பாள். அத்துடன் படக்குழு கமராவை மூட்டை கட்டிவிடும். எரிப்புக்குப் பின் காமனை உயிர்ப்பிக்கும் சடங்கு ஒன்று இருக்கிறது. அதற்கு யாரும் தங்குவதில்லை, ஏனென்றால் அழிவைக் காட்டத்தான் வந்தார்கள், அது கிடைத்துவிட்டது. நீங்களாவது தங்குங்கள்.

கூத்து ஏன் குறைந்தது என்று கேட்டால், பிள்ளைகள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வாத்தியாரே சொல்வார். கேட்பவருக்கு அதுதான் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை அப்படியே விழுங்காதீர்கள். இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. ஒரு தோட்டத்தில் ரதி கட்டியவர், தப்பு அடித்தவர், பின்பாட்டுக்காரர் என்று ஆளுக்கொரு திசையாகத் தலைமன்னார் ரயில் ஏறினால் கூத்து என்ன ஆகும்? ஜமா, அதாவது கூத்துக் குழு, உடைந்தது அப்போதே. போனவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்குத்தான் போனார்கள். உங்கள் வாத்தியாருக்கு எழுபதுக்கு மேல் வயது என்றால், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் அவர் பிறக்கும்போதே நாடற்றவராக இருந்திருக்கக்கூடும். அவரிடம் "உங்கள் அடையாளம் என்ன" என்று கேட்காதீர்கள். எந்த வயதில் குடியுரிமைக் காகிதம் கைக்கு வந்தது, கூடப் பிறந்தவர்களில் யார் ஒப்பந்தத்தில் போனார்கள், அடுத்த மாசியில் அவர்களுடைய வேடத்தை யார் கட்டினார்கள் என்று கேளுங்கள்.

இனி, பலரும் தொடாத விஷயம். தப்பு அடிப்பது சில குடும்பங்களின் தலையில் சாதியால் கட்டிவைத்த வேலை. சாவு வீட்டுக்கும் அவர்கள்தான் அடிக்க வேண்டும், ஒருகாலத்தில் விடிகாலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஆள் எழுப்பவும் தப்புத்தான் அடித்தார்கள். அந்தக் குடும்பத்தில் படித்து வந்த பையன் "நான் தொடமாட்டேன்" என்றால், அதைப் பண்பாட்டு இழப்பு என்று புல்லாங்குழல் ஊதிக் காட்டுவது அநியாயம். அதே தப்பைப் பெருமையோடு மேடையேற்றும் இளைஞர்களும் இன்று இருக்கிறார்கள். இருவரையும் எடுங்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு வேலை இல்லை, எனக்கும் இல்லை.

உண்மையில் படம் எடுக்கத் தகுந்தது ஆட்டத்துக்கு முந்திய வாரங்கள்தான். எனக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவரிடம் சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட பெரிய குறிப்பேடு) ஒன்று இருக்கிறது. அட்டை போய், தைத்த நூலும் போய், பக்கங்கள் மெழுகுத்தாளில் சுற்றியபடி. பாட்டுகளுக்கு நடுவே யார் எவ்வளவு கொடுத்தார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கும் அதே கையெழுத்தில் இருக்கும். ரதி கட்டுகிற பையன் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறான். கொப்பியின் பக்கங்களை யாரோ படம் பிடித்து அனுப்ப, கடை பூட்டியபின் அறையில் தனியாகப் பாடி அதைக் குரல் பதிவாக அனுப்புகிறான். இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து கிழவர் அதைக் கேட்டு, "இழுக்காதே, இறக்கு" என்று திருப்பிப் பதிவு அனுப்புகிறார். லீவு கிடைக்குமா என்பது கடைசி வாரம்வரை நிச்சயம் இல்லை. லீவு தராவிட்டால் யார் சேலை கட்டுவது என்று இங்கே ஒரு சண்டை நடக்கும், அது கூத்தைவிடச் சுவையாக இருக்கும்.

தொழில் பக்கத்துக்கும் சில சொல்லிவிடுகிறேன். இரவுக் குளிரிலும் ஈரத்திலும் தப்பின் தோல் தளர்ந்துவிடும், அடிக்கடி நெருப்பில் காய்ச்சுவார்கள். அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றால் நல்ல பேச்சு கிடைக்கும். தப்புக்கு ஒலி அளவைக் குறைத்தே வையுங்கள், உடைந்த ஒலியைப் பிறகு ஒட்ட முடியாது. பொட்டலில் டியூப் லைட் கட்டியிருந்தால் ஷட்டரை ஐம்பதில் ஒன்றில் அல்லது நூறில் ஒன்றில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் படம் துடிக்கும். வெளிக்குளிரிலிருந்து அடுப்பு எரியும் காம்பராவுக்குள் (வீட்டு அறைக்குள்) நுழைந்தவுடன் லென்ஸ் வேர்த்துவிடும். வாசலிலேயே கொஞ்சம் பொறுத்து நுழையுங்கள், நேர்காணலின் முதல் பதில் வீணாகாது.

பகலில் வேலை செய்கிறவரை உட்காரவைத்துப் பேசினால் அவருடைய அன்றைய பேர் (ஒரு நாள் சம்பளப் பதிவு) போய்விடும். பல தோட்டங்களில் முழுப்பேர் விழ 18, 20 கிலோ கொழுந்து வேண்டும். அந்தக் காசை நீங்கள் கொடுக்க வேண்டும். அதற்கு அன்பளிப்பு என்று பெயர் வைத்துக் கூச்சப்பட வேண்டாம், அது நட்டஈடு. லயத்து வீடு (தோட்டம் கட்டிய வரிசை வீடு) பெரும்பாலும் அவர்கள் பெயரில் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். துரைமாரை, அதாவது தோட்ட நிர்வாகிகளைப் பற்றிக் கமராமுன் ஒருவர் கோபத்தில் பேசிவிட்டால், நீங்கள் கொழும்புக்குப் போய்விடுவீர்கள், அவர் மறுநாள் பெரட்டுக்குப் போக வேண்டும். படத்தொகுப்பு முடிந்ததும் அந்தப் பகுதியை அவருக்குப் போட்டுக் காட்டி, இருக்கட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வெட்டிவிடுங்கள், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும்.

முதலில் கோயில் கமிட்டித் தலைவரைப் பாருங்கள், வாத்தியாரைப் பிறகு. தோட்ட அலுவலகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தை மாதத்திலேயே ஒருமுறை கமரா இல்லாமல் வந்து போனால், எந்தப் பையனுக்கு லீவு கிடைக்கும், எவனுக்குக் கிடைக்காது என்ற கதை உங்கள் காதுக்கு வந்துவிடும்.