அக்குவைனஸின் முதற்காரண வாதம்: உலகத்துக்குத் தொடக்கமே இல்லையென்றால் உடையுமா?

உடையாது. காரணங்களின் வரிசைக்கு ஒரு முதற்காரணம் வேண்டும், அதுவே கடவுள் என்கிற அந்த வாதம், உலகம் என்றென்றும் இருந்திருந்தாலும் நிற்கும். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பது விசுவாசத்தால் அறிவது, தர்க்கத்தால் நிறுவ முடியாது என்று இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளரான அக்குவைனஸே எழுதியிருக்கிறார்.

உடையும் என்று நினைத்திருந்தால், இஸ்லாமிய இறையியலாளர் அல் கஸ்ஸாலியின் வாதத்தோடு இதைக் கலந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். காலத் தொடக்கத்தை நம்பி நிற்பது அதுதான்.

இப்படிச் சோதித்துப் பாருங்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று பின்னால் போங்கள். தாத்தா இறந்த பிறகும் அப்பாவுக்குப் பிள்ளை பிறக்கும். இந்த வரிசை முடிவில்லாமல் நீளலாம் என்று அக்குவைனஸே ஒப்புக்கொள்கிறார். அப்புறம் அவருடைய இன்னோர் உதாரணம்: கை தடியைத் தள்ள, தடி கல்லைத் தள்ளுகிறது. கை நின்றால் தடி தள்ளாது. முதற்காரணம் வேண்டும் என்று கேட்பது இந்த இரண்டாவது வரிசைதான். எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு இது.

ஆனால் அந்த முதற்காரணம் ஒன்றே, அது நல்லது என்பதெல்லாம் இதிலேயே நிரூபணமாகிவிடாது. அதற்கு அவர் தனியாக வாதாடுகிறார்.